முதல் தவக்காலம்: வீட்டை நடத்தும் பெண்ணுக்கு ஒரு வழித்துணை

இயேசுவின் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) முன் வரும் நாற்பது நாள் நோன்புக் காலமான தவக்காலத்தை முதன்முறையாகத் தன் பொறுப்பில் ஏற்கும் கத்தோலிக்கப் பெண்ணுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் அண்மையில் திருமுழுக்குப் பெற்றவராக இருக்கலாம். சிறுவயதில் அம்மாவின் கையைப் பிடித்துக் கோயிலுக்குப் போய்விட்டு, இப்போது சொந்தக் குடும்பத்தோடு, தவக்காலம் தொடங்கும் நாளான சாம்பல் புதனை முதன்முறை எதிர்நோக்குபவராக இருக்கலாம். பல ஆண்டுகள் விலகியிருந்து திரும்பி வருபவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் சமையல், வேலை, குழந்தைகளின் படிப்பு, முதியவர்களின் மருந்து எல்லாம் வழக்கம்போல நடந்தாக வேண்டும். தவக்காலம் வந்துவிட்டது என்பதற்காக நாளில் ஒரு மணி நேரம் கூடிவிடுவதில்லை. இருக்கிற நாளுக்குள்ளேதான் அதற்கு இடம் பார்க்க வேண்டும்.

திருமணத்துக்குப் பிறகு வந்த முதல் சில தவக்காலங்களில் நான் இதைப் புரிந்துகொள்ளவில்லை. ஓர் ஆண்டு ஏழு தீர்மானங்கள் எழுதி வைத்தேன். அதிகாலை நான்கரை மணிக்கு எழுவதும், தினமும் ஒருசந்தி, அதாவது நாளில் ஒரே முழு உணவோடு, இருப்பதும் அவற்றில் இரண்டு. இரண்டாம் வாரத்திலேயே பசியும் தூக்கமின்மையும் சேர்ந்துகொள்ள, தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்துவிட்ட மகளிடம் எரிந்து விழுந்தேன். அவள் தன் சட்டை நுனியால் தரையைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல், “அம்மா, இன்றைக்கும் ஒருசந்தியா?” என்று கேட்டாள். அன்றிரவு ஏழில் நான்கை அடித்துவிட்டேன். வீட்டில் மற்றவர்கள் விலை கொடுக்கும் நோன்பு என் நோன்பாக இருக்க முடியாது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இரவிலிருந்து கற்றவை.

படி 1: நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

உயிர்ப்புப் பெருவிழாவின் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். திருஅவையின் கணக்கில் மார்ச் 21-ஆம் தேதியன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு அது. எனவே மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். அதிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் சாம்பல் புதன். 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28. நாற்பது நாள் என்று சொல்லிவிட்டு 46 எண்ணுகிறோமே என்று பலர் கேட்பார்கள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளும் ஆண்டவருடைய உயிர்ப்பின் நாள்கள் என்பதால் நோன்புக் கணக்கில் சேர்வதில்லை.

வீட்டு நாட்காட்டியில் சாம்பல் புதன், எல்லா வெள்ளிகள், குருத்து ஞாயிறு, புனித வாரம் ஆகியவற்றை வட்டமிடுங்கள். மார்ச் 19 புனித யோசேப்பு பெருவிழா. பெருவிழா வெள்ளிக்கிழமையில் வந்தால் அன்று சுத்தபோசனக் கடமை, அதாவது இறைச்சியைத் தவிர்க்கும் கடமை, கிடையாது. 2027-இல் அப்படித்தான் வருகிறது. மார்ச் 25, வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்னதைக் கொண்டாடும் மங்கள வார்த்தைப் பெருவிழா, ஆனால் அந்த ஆண்டு அதே நாளில் புனித வாரத்தின் பெரிய வியாழன் வருவதால் பெருவிழா ஏப்ரல் 5-க்குத் தள்ளிப்போகிறது.

படி 2: திருஅவை எவ்வளவு கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஒருசந்தி வேறு, சுத்தபோசனம் வேறு. ஒருசந்தி என்றால் நாளில் ஒரு முழு உணவு. அதோடு சிறிதளவாக இரண்டு முறை உண்ணலாம். அந்த இரண்டும் சேர்ந்து இன்னொரு முழு உணவு ஆகிவிடக் கூடாது. சுத்தபோசனம் என்றால் இறைச்சியைத் தவிர்ப்பது.

திருஅவைச் சட்டப்படி ஒருசந்தி கட்டாயமான நாள்கள் இரண்டே இரண்டுதான்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். இவ்விரு நாள்களிலும் சுத்தபோசனமும் உண்டு. தவக்காலத்தின் மற்ற வெள்ளிகளில் சுத்தபோசனம் மட்டும். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்கள் தொடங்கி 59 வயது நிறையும் வரை. இதற்கு மேல் உள்ள விவரங்களை அந்தந்த நாட்டு ஆயர் பேரவை வகுக்கலாம். அதனால் உங்கள் பங்கில் என்ன நடைமுறை என்று பங்குத்தந்தையிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கருவுற்றிருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், நோயுற்றவர்கள், உணவோடு மருந்து உட்கொள்ள வேண்டியவர்கள் ஒருசந்திக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இவர்களில் பலர் மனம் கேட்காமல் பட்டினி கிடந்து மயங்கி விழுகிறார்கள். உங்கள் உடலில் இன்னோர் உயிர் உணவு கேட்கிறபோது சாப்பிடுவதே உங்கள் கீழ்ப்படிதல். உணவில் விட முடியாததை வேறொன்றில் விடலாம்.

நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாமல் இருப்பது தனிக் கடமை. அது ஆண்டு முழுவதற்கும் உரியது. தண்ணீரும் மருந்தும் அதில் தடையில்லை. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடும் இல்லை.

படி 3: மூன்று முடிவுகள், மூன்றே மூன்று

சாம்பல் புதனன்று வாசிக்கப்படும் நற்செய்தி மத்தேயு ஆறாம் அதிகாரம். அறம் செய்வது, செபிப்பது, நோன்பிருப்பது என மூன்றையும் இயேசு அங்கே பேசுகிறார். மூன்றையும் மறைவாகச் செய்யச் சொல்கிறார். அந்த மூன்றிலும் ஒவ்வொன்று வீதம் எடுங்கள். ஒரு துண்டுத் தாளில் மூன்று வரிகளாக எழுதி, நீங்கள் மட்டும் பார்க்கும் இடத்தில் வையுங்கள்.

எழுதும்போது அளவும் நேரமும் தெரிய வேண்டும். “இன்னும் நன்றாகச் செபிப்பேன்” என்று எழுதினால் அது இரண்டே நாளில் கரைந்துவிடும். “இரவு விளக்கை அணைக்கும் முன் அன்றைய நற்செய்தியை ஒருமுறை வாசிப்பேன்” என்றால் செய்தோமா இல்லையா என்பது தெளிவாகத் தெரியும்.

நோன்பு வரியில் உங்களை உண்மையிலேயே பிடித்துவைத்திருக்கும் ஒன்றை எழுதுங்கள். பலருக்கு அது உணவைவிடக் கைப்பேசிதான். சிலருக்கு இல்லாதவர்களைப் பற்றிப் பேசும் பழக்கம். எனக்கு மிகவும் கடினமாக இருந்தது, செய்த வேலையை எண்ணிக் காட்டாமல் இருப்பது. “காலையிலிருந்து நான்தான் எல்லாம்” என்ற வாக்கியத்தை நாற்பது நாள் விட்டேன். பசியைத் தாங்குவது அதைவிட எளிது.

அறச்செயல் வரியில் கொஞ்சம் நில்லுங்கள். உணவில் மிச்சமானதை ஓர் உண்டியலில் சேர்த்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பது பழைய, நல்ல வழி. ஆனால் எசாயா 58-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். நோன்பு நாளிலேயே தங்கள் வேலையாள்களை ஒடுக்குகிறவர்களைப் பார்த்துக் கடவுள் கேட்கும் கேள்வி அங்கே இருக்கிறது. பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பதும்தான் தாம் விரும்பும் நோன்பு என்கிறார். உங்கள் வீட்டில் யாராவது கூலிக்கு வேலை செய்தால், அவருக்குத் தர வேண்டியது நிலுவையில் இருந்தால், உண்டியலுக்கு முன் அதைத் தீர்த்துவிடுங்கள். அவர் ஓய்வு கேட்ட நாளில் முகம் சுளிக்காமல் கொடுங்கள். பணம் இல்லாதவர்கள் நேரத்தைக் கொடுக்கலாம். படுக்கையில் இருக்கும் ஒருவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் தர்மம்தான்.

படி 4: செபத்தை ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு கட்டுங்கள்

புதிய நேரம் தேடாதீர்கள். தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையைப் பிடித்து, அதன் வாசலில் செபத்தை வையுங்கள். அடுப்பை முதலில் பற்றவைக்கும் கணம், குழந்தை பள்ளிக்குக் கிளம்பிப்போன பின் கதவைச் சாத்தும் கணம், பஸ்ஸில் உட்காரும் கணம், கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்க்கும் கணம். எனக்குக் கதவு வாய்த்தது. கதவைச் சாத்தியதும் கை இன்னும் தாழ்ப்பாளில் இருக்க, ஒரு சிலுவை அடையாளம், போனவர்களின் பெயர்கள், ஒரு பரலோக மந்திரம். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிடம் நிலைத்துவிட்டால், அதன் பக்கத்தில் ஐந்து நிமிடம் தானாக முளைக்கும்.

அன்றைய திருப்பலி வாசகங்களைப் பின்பற்றுவது தொடங்குபவர்களுக்கு நல்லது, எதை வாசிப்பது என்று தேட வேண்டியதில்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. எந்த ஆண்டானாலும் தவக்காலத்தின் முதல் ஞாயிறு பாலைநிலத்தில் இயேசு சோதிக்கப்பட்டது, இரண்டாம் ஞாயிறு அவர் உருமாறியது. அந்தச் சுழற்சியின் முதல் ஆண்டில் அடுத்த மூன்று ஞாயிறுகளில் யோவான் நற்செய்தியிலிருந்து சமாரியப் பெண், பிறவிப் பார்வையற்றவர், இலாசர் என்று நீண்ட பகுதிகள் வரும். சமாரியப் பெண்ணின் பகுதியை எந்த ஆண்டிலும் ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். அன்றாட வேலைக்காகக் குடத்தோடு வந்தவள் அவள். போகும்போது குடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறாள்.

செபத்தின் நடுவே யாராவது கூப்பிடுவார்கள், தவறாமல் கூப்பிடுவார்கள். உரோமை நகரத்துப் புனித பிரான்செஸ்கா 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். மனைவியாகவும் தாயாகவும் ஒரு பெரிய வீட்டை நடத்தியவர். அவரைப் பற்றி மரபாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அன்னை மரியாவின் திருப்புகழ் செபங்களைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரே வரியில் மீண்டும் மீண்டும் அவரை வீட்டு வேலைக்கு அழைத்தார்களாம். ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனார். கடைசியில் திரும்பி வந்தபோது அந்த வரி பொன் எழுத்தில் மின்னியதாம். அவருடைய நினைவு நாள் மார்ச் 9, பெரும்பாலும் தவக்காலத்துக்குள்ளேயே வந்துவிடும். குழந்தை கூப்பிட்டதால் செபமாலை மூன்றாம் பத்தில் நின்றுபோனால், எழுந்து போங்கள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். திரும்பி வருவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படி 5: சாம்பல் புதனன்று

முந்தைய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்து எடுத்த சாம்பல் அது. வீட்டில் பழைய குருத்து இருந்தால், பங்கில் சேகரிக்கும்போது கொடுத்துவிடுங்கள். மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்றோ, மனந்திரும்பி நற்செய்தியை நம்பு என்றோ சொல்லிக் குருவானவர் பூசுவார்.

குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். முதன்முறை என் மகளின் நெற்றியில் சாம்பல் பூசியபோது துகள் சில அவள் இமையில் விழுந்தன. கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, துடைக்கவும் பயந்து, என்னை அண்ணாந்து பார்த்தாள். நீயும் ஒருநாள் மண்ணாவாய் என்ற சொல் என் பிள்ளைக்கும் பொருந்தும் என்பதை அந்தக் கணம் வரை நான் நினைத்ததே இல்லை. அன்று வீடு திரும்பியதும் திட்டுவதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

சாம்பல் புதனன்று திருப்பலிக்குப் போவது நல்லது, ஆனால் அது கடன் திருநாள் அல்ல. வேலையால் போக முடியாதவர்கள் குற்ற உணர்வில் மூழ்க வேண்டாம்.

படி 6: குடும்பத்தை இழுக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்

உங்கள் தீர்மானத்தை மற்றவர்கள் தலையில் வைக்காதீர்கள். வெள்ளியின் சுத்தபோசனம் பொதுவானது, அதை எல்லோருக்கும் சேர்த்தே சமைக்கலாம். மற்றபடி நீங்கள் இனிப்பை விட்டால் வீடே விட வேண்டியதில்லை. அவர்களுக்குப் பரிமாறிவிட்டு நீங்கள் சும்மா இருந்தால், அதை யாரும் கவனிக்காவிட்டால், மத்தேயு நற்செய்தி சொன்னதைச் செய்துவிட்டீர்கள்.

கணவர் வேறு சமயத்தவராகவோ நம்பிக்கையில் ஆர்வம் குறைந்தவராகவோ இருந்தால், முன்கூட்டியே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: எந்த நாளில் என்ன சமையல், எந்த மாலை நான் கோயிலில் இருப்பேன். உபதேசம் வேண்டாம். கோயிலுக்குப் போன மாலையில் வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு நன்றி சொல்ல மறக்காதீர்கள். அவர் பார்த்துக்கொண்டதும் உங்கள் தவக்காலத்தில் ஒரு பங்கு.

சிறு குழந்தைகளுக்கு ஒருசந்தியும் இல்லை, சுத்தபோசனக் கடமையும் இல்லை. ஆனால் தவத்தின் உண்மையான பொருளை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைத் திருஅவைச் சட்டம் பெற்றோரிடம் தருகிறது. ஒரு பெரிய தாளில் 46 கட்டம் போடுங்கள். ஞாயிறுகளுக்கு மஞ்சள் தீட்டுங்கள். ஒவ்வொரு நாளும் குழந்தை தானே தேர்ந்த ஒரு சிறு செயலைச் செய்தபின் ஒரு கட்டத்தை ஊதா நிறத்தில் நிரப்பட்டும். செய்யாத நாளில் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும், அதற்காகக் கேள்வி கேட்காதீர்கள். “கோயிலில் ஏன் அல்லேலூயா பாடவில்லை?” என்று அவர்களே ஒருநாள் கேட்பார்கள். உயிர்ப்பு வரை அதை அடக்கி வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்குக் காத்திருத்தல் நன்றாகவே புரியும்.

படி 7: வெள்ளியன்று சிலுவைப் பாதை

பங்கில் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் வீட்டில் ஒரு சிலுவை முன் செய்யலாம். இயேசுவின் பாடுகளை ஒவ்வொன்றாக நினைத்துச் செபிக்கும் பதினான்கு நிலைகள். இந்த எண்ணிக்கை 1731-இல் திருத்தந்தை 12-ஆம் கிளமெண்ட் காலத்தில் நிலைப்படுத்தப்பட்டது. முழுவதற்கும் நேரமில்லாத வெள்ளியில் நான் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வேன்: நான்காம் நிலையில் தாய் மகனைச் சந்திக்கிறார், ஆறாம் நிலையில் வெரோணிக்கா முகத்தைத் துடைக்கிறார், எட்டாம் நிலையில் எருசலேம் பெண்களோடு இயேசு பேசுகிறார், பதின்மூன்றில் இறந்த மகன் தாயின் மடியில். நான்கிலும் பெண்கள்தான் அருகில் இருக்கிறார்கள். எதையும் மாற்ற முடியாத நேரத்திலும் அவர்கள் விலகிப் போகவில்லை. நோயாளியின் பக்கத்தில் இரவு கழித்தவர்களுக்கு இந்த நான்கு நிலைகளை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

படி 8: பாவசங்கீர்த்தனம்

ஆண்டுக்கு ஒருமுறையாவது கனமான பாவங்களைக் குருவானவரிடம் அறிக்கையிடுவது கடமை. தவக்காலத்தின் நடுப்பகுதியிலேயே போய்விடுங்கள், புனித வாரத்தில் வரிசை நீளும்.

முந்தைய நாள் இரவு பத்து நிமிடம் ஆன்ம சோதனை. வீட்டிலிருந்து தொடங்குங்கள். யாரிடம் பேசாமல் இருக்கிறேன்? யாருடைய தவறை மன்னித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டுகிறேன்? எந்தப் பொய்யை வசதிக்காகப் பழக்கமாக்கிக்கொண்டேன்? கடவுளுக்கு நன்றி சொல்லி எத்தனை நாளாயிற்று? மறந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் சிறு தாளில் குறித்துக்கொண்டு போகலாம், பின்னர் கிழித்துவிடுங்கள்.

உள்ளே போனதும் கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று சொல்லுங்கள். பல ஆண்டுகள் ஆகியிருந்தால், “சாமி, எப்படிச் செய்வது என்று மறந்துவிட்டது, உதவி செய்யுங்கள்” என்றாலே போதும், அவர் கைப்பிடித்து அழைத்துப் போவார். பாவங்களைச் சுருக்கமாக, மற்றவர்களின் தவறுகளைக் கலக்காமல் சொல்லுங்கள். அவர் கொடுக்கும் பரிகாரத்தைக் கேட்டு, மனத்துயர் செபம் சொல்லி, மன்னிப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள். அங்கே சொன்னதைக் குருவானவர் எந்தச் சூழலிலும் எவரிடமும் வெளியிட முடியாது. பரிகாரத்தை அன்றே செய்துவிடுங்கள், வீட்டுக்குப் போனால் வேலை விழுங்கிவிடும்.

படி 9: தீர்மானம் உடைந்த நாளில்

உடையும். மூன்றாம் வாரத்தை ஒட்டிப் பெரும்பாலும் உடையும். அன்றிரவு துண்டுத் தாளை எடுத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று அளவுக்கு மீறியிருந்தால் அதைக் குறைத்து எழுதுங்கள். சரியான அளவுதான் என்று தோன்றினால் மறுநாள் காலை அப்படியே தொடருங்கள். தவறவிட்ட நாளுக்கு ஈடாக அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். அப்படிச் செய்தவர்கள் வார இறுதியில் எல்லாவற்றையும் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நான்காம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு, ஊதாவுக்குப் பதிலாக ரோசா நிறத் திருவுடை அணியலாம் என்பது திருஅவையின் வழக்கம். பாதி வழியில் மூச்சு வாங்கும் பிள்ளைகளைத் தெரிந்த தாய் திருஅவை.

படி 10: புனித வாரத்துக்கு வீட்டைத் தயார் செய்யுங்கள்

கடைக்குப் போவது, துணி துவைப்பது, பெருவிழாவுக்கான பெரிய வேலைகள் எல்லாவற்றையும் புதன் மாலைக்குள் முடித்துவிடுங்கள். இதை மட்டும் செய்தால்கூட உங்கள் புனித வாரம் மாறிவிடும்.

வியாழன் மாலை ஆண்டவருடைய இராவுணவுத் திருப்பலி. பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் இடம்பெறலாம் என்று 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில் விதி திருத்தப்பட்டது. வெள்ளியன்று திருப்பலி கிடையாது. யோவான் எழுதிய பாடுகளின் வரலாறும், சிலுவை ஆராதனையும், நற்கருணையும் உண்டு. அன்று ஒருசந்தி. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் தேவையானதை முந்தைய இரவே எடுத்துவைத்துவிடுங்கள்.

சனிக்கிழமையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பீடம் வெறுமையாக இருக்கும், திருப்பலி இல்லை, அதனால் அந்த நாள் முழுக்கச் சமையலறைக்குள் போய்விடுகிறது. லூக்கா எழுதுவதைப் பாருங்கள். இயேசுவின் உடல் வைக்கப்பட்ட கல்லறையைப் பார்த்த பெண்கள் வீடு திரும்பி நறுமணப் பொருள்களைத் தயார் செய்தார்கள். பிறகு ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள். வேலையும் செய்தார்கள், கையைக் கட்டி அமர்ந்தும் இருந்தார்கள். சனி பிற்பகல் ஒரு மணி நேரம் குழந்தைகளைத் தூங்க வையுங்கள், நீங்களும் அவர்கள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். இரவு பாஸ்கா திருவிழிப்பு நீளும். நெருப்பில் தொடங்கி, பாஸ்கா திரியிலிருந்து ஒவ்வொரு கைக்கும் சுடர் வந்து சேர்ந்து, பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு வரைக்கும் போகலாம். குழந்தைக்கு ஒரு கனமான சால்வையும், மெழுகு சொட்டாமலிருக்க ஓர் அட்டைத் துண்டும் எடுத்துப்போங்கள். அவர்கள் நடுவில் தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள். நற்செய்திக்கு முன், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அல்லேலூயா தொடங்கும்போது மட்டும் தோளைத் தட்டி எழுப்பிவிடுங்கள்.